மற்றும் சகோதரிகள்

எங்கள் தெருவின் உச்சியில் நிற்கும் தண்ணீர்த் தாங்கிக்கு இரண்டு பெயர்க்கற்கள். தெருவைப் பார்த்த கல் அரசாங்கத்துடையது. அதில் ஒரு பிரதி அமைச்சரின் பெயர் மூன்று மொழியிலும் இருக்கிறது. காட்டைப் பார்த்த கல் கத்தார் நாட்டுத் தோஹாவில் இயங்கும் எங்கள் ஊர் நலன்புரிச் சங்கத்துடையது. யார் கல் எந்தப் பக்கம் என்ற இழுபறியிலேயே ஒரு பெருநாள் வந்து போய்விட்டது. கடைசியில் சங்கத்தார்தான் இறங்கி வந்தார்கள். படிக்க ஆள் வராத பக்கத்தை ஒப்புக்கொண்டு, கல்லை மட்டும் ஒரு சாண் பெரிதாக வைத்துக்கொண்டார்கள். கத்தாரில் உழைக்கும் எங்கள் ஆண்பிள்ளைகளின் பெயர்கள் தகப்பன் பெயரோடு அதில் வரிசையாக இருக்கின்றன. சவூதியிலும் குவைத்திலும் வீட்டு வேலை செய்து பணம் அனுப்பிய பெண்களுக்கு அடியில் ஒரே வரி: ‘மற்றும் சகோதரிகள்’.

கைறுன்னிஸா அந்த வரியிலும் சேர்த்தி இல்லை. வெளிநாட்டில் இருக்கும்வரைதான் சங்கத்தில் அங்கத்துவம். அவள் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

நான் பாறூக். தெரு தொடங்கும் இடத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை போகும் பஸ் என் கடை வாசலில்தான் நிற்கும். தொண்ணூறுகளில் எங்கள் ஊருக்கு இருந்த ஒரே டெலிபோனும் என் கடையில்தான் இருந்தது. தோஹாவில் யாராவது தும்மினால் முதலில் எனக்குத்தான் கேட்கும். ஆகவே கைறுன்னிஸாவைப் பற்றி நான் சொல்வதில் பாதி கண்ணால் கண்டது, மீதி அந்த டெலிபோன் பக்கத்தில் நின்று கேட்டது. ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். கடை என்னுடையது, எங்கே போய் நிற்பேன்?

எண்பத்தைந்தில் அவள் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனாள். எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் அவள்தான், ஆண்கள் எல்லாம் அவளுக்குப் பிறகுதான். அவள் அனுப்பிய பணத்தில் புருஷன் ஜமால்தீன் ஒரு நல்ல வீடு கட்டினான். வீடு குருநாகலில் இருந்தது. அதில் இன்னொரு பெண்ணையும் குடிவைத்தான். செய்தி குவைத்துக்குப் போனதும் அவள் அழுதாளோ என்னவோ, அடுத்த மாதத்திலிருந்து பணம் தம்பி யாகூப்பின் பெயருக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் யாகூப் ஏஜென்சிக்குக் கட்டி கத்தாருக்குப் போனான். பின்னாளில் தோஹா சங்கத்துக்குச் செயலாளர் ஆனவன் இதே யாகூப்தான்.

தொண்ணூறில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது எஜமானி குடும்பம் ஒரே காரில் ஏறி ஓடிவிட்டது. கைறுன்னிஸா மற்றப் பெண்களோடு லொறியிலும் நடையிலுமாக ஜோர்தான் பாலைவனக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு போத்தல் தண்ணீர்தான் குடிக்கவும், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யவும், மேல் துடைக்கவும். ஊருக்கு வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. தங்கம் எங்கே, டீவி எங்கே என்று கேட்டவர்களிடம் எஜமானி வீட்டுக் குளியலறையைப் பற்றித்தான் சொன்னாள். சுவரில் இரண்டு குழாய். ஒன்றில் பச்சைத் தண்ணீர், மற்றதில் சுடுதண்ணீர். அதைத் தினமும் தேய்த்துக் கழுவியது அவள், அதில் குளித்தது வேறு ஆட்கள்.

அவள் வீடு தெருவின் ஆக மேலே. கிணறு ஆகக் கீழே, பள்ளிவாசலுக்குப் பக்கத்தில். நடுவில் இருப்பது தெரு என்று அரசாங்கக் கச்சேரிக் கடதாசியில்தான் போட்டிருக்கும், உண்மையில் அது ஒரு சறுக்கல். அந்த ஏற்றத்தில் குடம் சுமந்து சுமந்து அவள் முழங்கால் போய்விட்டது. வந்த மூன்றாம் வருஷம் உம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. அந்த மனுஷி வாழ்நாள் முழுக்கச் சுடுதண்ணீரில் குளித்தவர். ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்துக் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும் ரகம். படுக்கையில் விழுந்த பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஈரத்துணியால் துடைப்பதுதான். ஒரு முறை தலையோடு ஊற்றிக் குளிப்பாட்டுவதென்றால் நாலைந்து தடவை ஏறி இறங்க வேண்டும். கைறுன்னிஸாவின் கால் அதற்குக் கேட்கவில்லை. “தலையோட ஒருக்கா ஊத்தி விடு புள்ள” என்று உம்மா வாய் கோணிய நிலையிலும் கேட்டுக்கொண்டே இருப்பாராம். குழாய் வரட்டும் உம்மா, சுடவெச்சு ஊத்துறேன் என்று இவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

குழாய் வரும் என்று அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூற்றாறில் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் சங்கமாகச் சேர்ந்து ஊருக்கு ஒரு வேலைக்குப் பணம் போட்டால், அதே அளவு பணத்தை அரசாங்கமும் போடும். யாகூப் சந்தோஷத்தில் துள்ளினான். “அரசாங்கமும் நாங்களும் சரிபாதி நானா” என்று, என்னை அண்ணன் முறை வைத்து, டெலிபோனில் சொல்லிச் சொல்லி, அந்தச் ‘சரிபாதி’ எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. பாலைவனத்தில் கம்பி கட்டுகிற பையன்களுக்கு அமைச்சோடு கூட்டு வியாபாரம் செய்கிற மாதிரி ஒரு தோரணை வந்துவிட்டது. நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் நிமிர்ந்து நிற்க ஏதாவது ஒன்று வேண்டும்தானே.

வேலையைப் பார்க்கப் பிரதேச சபையிலிருந்து வந்தவர் ஞானசுந்தரம், தொழில்நுட்ப உத்தியோகத்தர். பூர்வீகம் வடக்கு, பிறந்து வளர்ந்தது மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலடி. நல்ல மனுஷன், ஆனால் அரசாங்க உத்தியோகத்தர், இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு சிரமப்பட்டார். மலையில் ஊற்றைப் பிடித்து, கைறுன்னிஸா வீட்டுக்குப் பின்னால் தாங்கி கட்டி, தெரு நெடுகப் பைப் போட்டு, வீட்டுக்கு ஒரு குழாய் வைத்துத் தொண்ணூற்றேழு கடைசியில் வேலை முடிந்தது. தாங்கி நிரம்பி வழிந்தது.

பிறகுதான் பூட்டு விழுந்தது. திறப்பு விழா நடந்து படம் எடுத்துக் கொடுத்தால்தான் அரசாங்கத்துப் பாதியில் கடைசிப் பங்கு வேலை எடுத்த கொந்தராத்துக்காரருக்குக் கிடைக்கும். அவர் பிரதான வால்வில் பெரிய ஆமைப்பூட்டு ஒன்றைப் போட்டுச் சாவியை மாத்தளைக்குக் கொண்டுபோய்விட்டார். அவரைத் திட்டியும் பயனில்லை. ஊரைத் தெரிந்தவர் அப்படித்தான் செய்வார்.

ஜனவரியில் அமைச்சர் திகதி கொடுத்தார். அது நோன்பு மாதம். பகல் சாப்பாட்டுக்குப் பிரியாணி போடாமல் என்ன விழா, பெருநாள் கழியட்டும் என்று தோஹாவிலிருந்து உத்தரவு வந்தது. பெருநாளுக்கு முந்தின வாரம் கண்டியில் குண்டு வெடித்தது. இனி மலைப்பக்கம் வரமுடியாது என்று அமைச்சரின் பாதுகாப்பு ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அந்த நாட்களில் ஞானசுந்தரத்தைச் சோதனைச் சாவடியில் இறக்கி வைத்து, அவர் பையிலிருந்த தாங்கி வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துப் பாதி நாள் விசாரித்தார்கள். ஒரு தமிழன் மலை உச்சியில் இவ்வளவு பெரிய வட்டம் எதற்குப் போட்டிருக்கிறான் என்பது அவர்கள் கவலை. அதற்கடுத்த திகதியில், குடிநீர்த் திட்டங்களைப் பார்வையிட அமைச்சர் வெளிநாடு போயிருந்தார்.

கைறுன்னிஸா என் கடைக்கு வந்து தோஹாவிலிருந்து அழைப்பு வரும்வரை காத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். யாகூப் அந்த முனையிலிருந்து, “சொல்லுங்க தாத்தா” என்றான். அவள் நலம் விசாரிக்கவில்லை.

“உம்மாவைக் குளிப்பாட்டணும். பூட்டைத் தொறக்கச் சொல்லு.”

விழாவுக்கு முந்தித் திறந்தால் அரசாங்கத்துப் பாதி நின்றுவிடும், சங்கத்துக்கு அவமானம் என்று அவன் விளக்கினான். வீடியோக்காரனுக்கு முற்பணம் கொடுத்தாகிவிட்டது, முதல் குடம் பிடிக்கப்போவது தாத்தாதான், உம்மாவையும் கதிரையில் தூக்கி வந்து படத்தில் வைக்கலாம் என்றான். அவன் கெட்டவன் இல்லை. உம்மாவைப் படத்திலாவது பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கியவன். ஊருக்கு வர முடியாதபடி ஆறு வருஷமாக அவன் பாஸ்போட் முதலாளியின் பெட்டியில் கிடந்தது.

“உம்மாவுக்கு வீடியோ வேணாம் யாகூப்” என்றாள் அவள். “தண்ணி வேணும்.”

இன்னும் ரெண்டே கிழமை தாத்தா, என்றான் அவன்.

அந்த இரண்டு வாரத்துக்குள் உம்மா மவுத்தாகிப்போனார். மார்ச் மாத வெயில், கிணற்றில் அடித்தண்ணீர்தான் கிடந்தது. விடியற்காலை ஸுபஹ் தொழுகை முடிந்து வரும்போது செய்தி வந்தது. நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்குவதாகப் பேசிக்கொண்டோம்.

மேல்வீட்டில் யாராவது இறந்து ஒரு ஜனாஸா என்றால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. குளிப்பாட்டத் தண்ணீர் நிறைய வேண்டும் என்பதால் கிணற்றடியிலிருந்து மேலே வரை ஆண்கள் வரிசையாக நின்று வாளிகளைக் கை மாற்றி ஏற்றுவார்கள். என் வாப்பா காலத்தில் அந்த வரிசையில் தோளோடு தோள் இடிக்குமாம். அன்றைக்கு நாங்களும் அப்படி வரிசையாக நின்று பார்த்தோம். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், நான், மூட்டுவலிக்காரர்கள் சிலர், கண் தெரியாத ஒருவர். வாளி தூக்கக்கூடிய ஆண்கள் எல்லாரும் தோஹாவில், இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருவதற்காக உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் அவ்வளவு தூரம், ஒவ்வொருவரும் வாளியோடு நடந்துதான் கொடுக்க வேண்டியிருந்தது. மேலே போய்ச் சேர்வதற்குள் பாதி வாளி எங்கள் சாரத்தில் இருந்தது. ளுஹர் போய்விட்டது. குளிப்பாட்டும் மறைப்புக்குள் பெண்கள் வெறும் குடங்களோடு நின்றார்கள்.

கைறுன்னிஸா வெளியே வந்தாள். குழி வெட்டப் போகிறவர்கள் வேலியில் சாத்தி வைத்திருந்த மம்மட்டியை எடுத்தாள். எங்களில் யாரையும் பார்க்காமல் தாங்கியடிக்குப் போய், மம்மட்டியின் பின்பக்கத்தால் பூட்டை அடித்தாள். மூன்றாவது அடியோ நான்காவது அடியோ, பூட்டு விழுந்தது. வால்வை இரண்டு கையாலும் சுற்றித் திறந்தாள். எனக்குப் பெருமைகூட வந்தது.

அவள் வீட்டுக் குழாய் மட்டும் ஒரு சீறல் சீறிவிட்டுச் சும்மா இருந்தது.

கீழே தெருவில் கூச்சல் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. பைப் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் காலையில் எழுந்ததும் குழாயைத் திருகிப் பார்ப்பார்கள். தண்ணீர் வராது. ஆனால் யாரும் திருப்பி மூடுவதில்லை, மூடி வைத்திருந்தால் தண்ணீர் வந்தது எப்படித் தெரியும்? அடியில் ஒரு வாளியையும் வைத்து, அடுத்த வீட்டுக்கு முந்தி நிரப்பிக்கொள்ள ஏற்பாட்டோடு இருந்தார்கள். இப்போது தெரு முழுக்க எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் கொட்டியது. கீழே அத்தனை வாய் திறந்திருந்தால் மேலே இருக்கிற வீட்டுக்கு எங்கே வரும்? மையித்து வீட்டுக்கு வந்திருந்த கூட்டம் அப்படியே திரும்பி அவரவர் வீட்டுக்கு ஓடியது. துப்பட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிழவர்கள். நானும் ஓடினேன். என் கடைக்குள் ஒரு மூடை சீனி பாகாகிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு குழாயாக மூடப்பட்டதும் மேலே தண்ணீர் ஏறியது. கடைசிக் குழாய் மூடப்பட்டபோது கைறுன்னிஸா வீட்டில் பலமாகக் கொட்டியது. அதற்குள் பின்னேர அஸர் தொழுகை நெருங்கிவிட்டது. இனியும் மையித்தை வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் வெளியிலிருந்து அவசரப்படுத்தினார்கள். ஒரு கிடாரமாவது சுடவைக்க அவள் அடுப்பை மூட்டினாள், மூட்டிய விறகு புகைந்ததுதான் மிச்சம். பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள். உள்ளே இருந்த என் மனைவி றஸ்மியா பிறகு சொன்னாள்: ஒவ்வொரு குடத்தையும் ஊற்றுவதற்கு முன் கைறுன்னிஸா தன் கையை அதற்குள் விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாளாம், அவள் கைச்சூட்டில் அது சூடாகிவிடும் என்பது போல. பிறகு தலையோடு ஊற்றினாளாம். இதைச் சொல்லும்போது றஸ்மியா அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

அடுத்த நாள் ஞானசுந்தரம் வந்து உடைந்த பூட்டைப் பார்த்தார், ஈரமான தெருவைப் பார்த்தார். தாங்கி இன்னும் திறக்கப்படவில்லை என்பதுதான் அரசாங்கத்தின் நிலைப்பாடு என்றார். எனவே அலுவலகம் தொடங்கும் நேரத்துக்கு முன்னால் எல்லாரும் பிடித்துக்கொண்டு மூடிவிடும்படி கேட்டுக்கொண்டார். தன் கைக்காசில் புதிதாக ஒரு பூட்டு வாங்கி மாட்டி, சாவியை அதிலேயே விட்டுவிட்டுப் போனார். தோஹாவுக்கு நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை. ஜனாஸா நல்லபடி முடிந்தது என்று மட்டும் யாகூப்பிடம் சொன்னேன். அவன் அந்தப் பக்கம் தேம்பியது இன்னும் என் காதில் இருக்கிறது.

மே மாதத்தில் அமைச்சர் வந்தேவிட்டார். வாழைமரம், பாண்டு வாத்தியம், பிரியாணி, வீடியோக்காரன் எல்லாம் வந்தன. இரண்டு மாதமாக நாங்கள் குடித்துக் குளித்த குழாயில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. முதல் தண்ணீர் முதல் தண்ணீராகவே இருக்க வேண்டும் என்பதற்காக முதல் நாளே வால்வை மூடிவிட்டார்கள், அன்றைக்கு ஊரில் யாரும் குளிக்கவில்லை. யாகூப்பின் ஏற்பாட்டின்படி கைறுன்னிஸா புதுச் செப்புக்குடத்தோடு முன்னால் நின்றாள். கத்தார் சகோதரர்களுக்கும் அரசாங்கத்துக்கும் நன்றி என்று சொல்லும்படி அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அமைச்சர் ரிப்பனை வெட்டிக் குழாயைத் திறந்தார். குடம் நிறைந்தது. அவர் நல்ல மனநிலையில் இருந்தார். உங்கள் வீட்டில் இந்தத் தண்ணீரில் முதலில் குளிக்கப்போவது யார் அம்மா என்று சிங்களத்தில் சிரித்துக் கேட்டார். கைறுன்னிஸாவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். ஆனால் அவள் அமைச்சரைப் பார்க்கவில்லை. வீடியோப் பெட்டியை நேராகப் பார்த்துத் தமிழில் சொன்னாள்:

“மொதல்ல குளிச்சது எங்க உம்மாதான். தலையோட ஊத்தினேன். குளிருதுன்னு ஒரு வார்த்தை சொல்லலை.”

பாண்டுக்காரர்கள் வாத்தியத்தைக் கீழே இறக்கிவிட்டார்கள். அமைச்சர் என்னவென்று திரும்பிப் பார்த்தார். மொழிபெயர்க்க நின்ற ஞானசுந்தரம் ஓரடி முன்னால் வந்தார். தன் தாயாருக்கு எந்தக் குறையும் இல்லை என்கிறார் சேர், என்றார் சிங்களத்தில். அமைச்சர் மனம் குளிர்ந்து, தாயாருக்குத் தன் வாழ்த்தைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். எல்லாரும் கைதட்டினோம். கொந்தராத்துக்காரருக்குப் படமும் கிடைத்தது, பிறகு பணமும் கிடைத்தது.

விடுமுறையில் வந்து திரும்பிய ஒருவன் கையில் வீடியோ கெசட் தோஹாவுக்குப் போனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கேம்ப் அறையில் எல்லாரும் கூடியிருந்து பார்த்தார்களாம். அவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அன்று மாலையே டெலிபோன் அடித்தது. யாகூப் என்னிடம் சலாம் சொன்னதோடு சரி. தாத்தாவைக் கூப்பிடச் சொன்னான்.

அவள் சறுக்கலில் காலைப் பார்த்து வைத்து மெதுவாக இறங்கி வந்தாள். றஸ்மியாவும் நானும் பக்கத்தில்தான் நின்றோம். பூட்டைப் பற்றியோ சங்கத்தைப் பற்றியோ அவன் ஒரு சொல் எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். அந்த ரிசீவரில் குரல் வெளியே கேட்கும்.

“உம்மாவுக்குத் தண்ணி சுட வெச்சீங்களா தாத்தா?”

“வெச்சேன்டா” என்றாள் கைறுன்னிஸா. “நல்ல சூடு. நீ போய்ச் சாப்புடு.”

பேசிவிட்டு ரிசீவரைச் சரியாக வைத்தாள், ஒரு சவர்க்காரக்கட்டி வாங்கிக்கொண்டு ஏறிப் போனாள். அது பொய் என்று றஸ்மியாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பொய்யில் சரிபாதி போட அரசாங்கமும் வரவில்லை, சங்கமும் வரவில்லை. முழுவதையும் அவளே போட்டாள்.